ஐந்து மடிப்பில் ஒரு தையல் மெஷின்

ஃபேன்காரருக்கு ஃபேன் கடையும் கிடையாது, ஃபேன் ரிப்பேரும் தெரியாது. அவர் வீட்டில் இருக்கிற ஒரே ஃபேன்கூட கிறீச் கிறீச்சென்று முனகிக்கொண்டுதான் சுற்றும். அவரிடம் இருப்பதெல்லாம் ஃபேன் கம்பெனிகள் அச்சடித்து இலவசமாகக் கொடுத்த விளம்பரப் புரோஷர்கள். சீலிங் ஃபேன், டேபிள் ஃபேன், சுவரில் மாட்டுகிற ஃபேன் என்று வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, இரண்டு இரும்பு பீரோ நிறைய அடைத்து வைத்திருக்கிறார்.

இப்படிப் புரோஷர் சேர்க்கிற கூட்டம் ஒன்று ஊருக்குள் உண்டு. பெரிய கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம், ஒரே காரில் திணித்துவிடலாம். அவர்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எதைச் சேர்க்கிறாரோ அதுதான் பெயர். "டிராக்டர் பேசுறேன்" என்று போன் வரும். "பிரஷர் குக்கருக்கு உடம்பு சரியில்ல" என்று தகவல் வரும். ஒட்டுக் கேட்கிறவனுக்குத் தலை சுற்றிவிடும்.

ஃபேன்காரர் வேலை பார்த்ததெல்லாம் வீட்டுச் சாமான் விற்கிற ஒரு பெரிய கடையில், வாரன்டி கார்டு எழுதுகிற மேஜையில். சாமான் வாங்கியவர்கள் கடைசியாக வந்து நிற்கிற இடம் அது. வாங்காதவர்கள் அவ்வளவு தூரம் வரமாட்டார்கள். வாசலில் அடுக்கி வைத்திருக்கும் புரோஷரில் ஒன்றை உருவிக்கொண்டு, "வீட்ல கலந்து பேசிட்டு வர்றோம்" என்று நழுவிவிடுவார்கள். புது மாடல் வந்தவுடன் பழைய புரோஷர்களைக் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதும் இவர் தலையில்தான் விழுந்தது. அப்படிக் கட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், மேலாக இருந்த புரோஷரின் அட்டையைப் பார்த்துத் தன்னையறியாமல் சிரித்துவிட்டார்.

சீலிங் ஃபேன். அதற்கு நேர் கீழே கட்டிலில் ஒரு பெண் சாய்ந்திருக்கிறாள். காற்று மேலிருந்து வருகிறது. ஆனால் அவள் கூந்தலோ, ஜன்னல் வழியாகப் புயல் அடிப்பதுபோல் பக்கவாட்டில் பறக்கிறது. கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். ஃபேனை ஓடவிட்டுப் படம் எடுத்தால் இறக்கை தெரியாது, நிறுத்தி எடுத்தால் ஃபேன் செத்துக் கிடக்கும். அதனால் யாரோ ஒருவர் நின்றுபோன ஃபேனின் படத்துக்கு மேல், மெல்லிய தூரிகையால் வெள்ளை வளையம் வளையமாகப் போட்டிருந்தார். ஒரு மனிதன் உட்கார்ந்து காற்றை வரைந்திருக்கிறான், அதைப் பழைய பேப்பருக்குப் போடுவதா என்று இவருக்குத் தோன்றிவிட்டது. சட்டைக்குள் செருகி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆரம்பம் அதுதான்.

அப்புறம் கண் திறந்துகொண்டது. எந்தக் கம்பெனி வழவழப்புத் தாளில் அடிக்கிறது, எது சொரசொரப்பில் அடிக்கிறது, எந்த மடிப்பு கதவுபோல் இரண்டு பக்கமும் திறக்கும், எது விசிறிபோல் நீளும், பின்பக்கத்தின் அடியில் எறும்பு சைஸில் அச்சகத்தின் பெயர் எங்கே ஒளிந்திருக்கும் என்று எல்லாமே அத்துப்படியாயிற்று. புரோஷர் கெட்டுப்போவதற்கு மூன்று எதிரிகள்: துருப்பிடிக்கிற ஸ்டேப்ளர் பின், வெயில், கடைக்காரர்கள் பின்பக்கத்தில் ஓங்கிக் குத்துகிற ரப்பர் ஸ்டாம்ப். மூன்றில் ஸ்டாம்ப்தான் பெரும்பாவி. அதை அழிக்க முடியாது.

இன்னொன்றையும் அவர் கவனித்திருந்தார். இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. புரோஷர்களில் யாரும் தனியாக வசிப்பதில்லை. ஃபிரிட்ஜைத் திறந்தால் நாலு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். கைக்கடக்கமான டேபிள் ஃபேனுக்கு முன்னால்கூட அப்பா, அம்மா, பையன், பெண் என்று ஒரு குடும்பமே பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒற்றை ஆள் ஒற்றை அறையில் காற்று வாங்குகிற மாதிரி ஒரு படம் கிடைக்குமா என்று வருஷக்கணக்கில் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முதலில் அக்காவுக்கும் தங்கைக்கும் முடியட்டும், பிறகு உனக்குப் பார்க்கலாம் என்றார்கள். இரண்டு பேருக்கும் முடிந்தது. பிறகு பார்க்கிற ஞாபகம் யாருக்கும் வரவில்லை, இவரும் ஞாபகப்படுத்தவில்லை. கடையில் இருந்தவரைக்கும் பகலெல்லாம் மனித முகங்களாகப் பார்த்துவிட்டு வருவதால் ராத்திரியின் அமைதி பெரிதாக உறைக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அது என்ன எடை என்று தெரிந்தது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி. தபால்காரரே கீழே பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். அழைப்பு மணி வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகத் தானே வெளியே போய் அமுக்கிப் பார்த்த நாளும் உண்டு. அது நன்றாகவே அடித்தது.

வாரத்துக்கு ஒருமுறை அக்கா போன் செய்வாள்.

"சாப்ட்டியாடா?"

"ஆச்சுக்கா."

"அந்தக் குப்பையெல்லாம் எப்ப ஒழிக்கப் போற?"

"பார்க்கலாம்க்கா."

இதோடு அந்த வாரத்துப் பேச்சு முடிந்தது.

இப்படி இருக்கும்போதுதான், மூடப்போகிற ஒரு கடையிலிருந்து வந்த ஃபேன் புரோஷர் கட்டுக்கு நடுவே ஒரு தையல் மெஷின் புரோஷர் சிக்கியது. இவருக்கு அதனால் காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லை. பேச்சுவாக்கில் டிராக்டரிடம் சொன்னார். மறுநாள் காலை அழைப்பு மணி அடித்தது.

வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர் கண்டக்டர். நியாயப்படி கூட்டத்தில் அவர் பெயர் 'தையல் மெஷின்' என்றுதான் இருக்க வேண்டும். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கி இத்தனை வருஷம் ஆகியும், எந்தத் தாளைத் தொடுவதற்கு முன்னாலும் விரலை நாக்கில் தொட்டு எச்சில் பண்ணிக்கொள்கிற பழக்கம் அவரை விட்டு இறங்கவில்லை. டிக்கெட் கிழித்த கை. அந்த எச்சில் விரலைப் பார்த்தாலே புரோஷர்காரர்கள் தாளை இழுத்து மறைத்துக்கொள்வார்கள். அதனால் கண்டக்டர் என்றே நிலைத்துவிட்டது. வைத்திருப்பவர்தான் பிரித்துக் காட்ட வேண்டும், பார்க்க வந்தவர் கை வைக்கக் கூடாது என்று கூட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. அந்த விதி வந்ததே இவரால்தான்.

"ஃபேன் சார், ஐந்து மடிப்பா? முன்னாடி துளை இருக்கா?" என்றார் கண்டக்டர், உட்காருவதற்கு முன்பே.

"இருக்கு. நீங்க கையை மடியில வைங்க."

ஃபேன்காரர் மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து அதைப் பிரித்தார். அட்டையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வட்டத் துளை. அதன் வழியாக ஓர் ஊசி மட்டும் தெரிந்தது. அட்டையைத் திறந்தால் ஊசி முழு மெஷினாகிவிடும். அதன் முன்னால் ஒரு பெண் குனிந்து தைத்துக்கொண்டிருப்பாள். கூட யாரும் இல்லை. அவள் தைக்கிற நீலத் துணி மேஜையிலிருந்து வழிந்து இரண்டாம் மடிப்புக்குள் போகும். அங்கே தரையும் ஒரு பூனையும். மூன்றாவதில் வாசல். நான்காவதில் தெரு. ஐந்தாவதில் அந்த நீலத் துணி ஒரு சிறுமியின் கவுனாக மாறியிருக்கும். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு யாரோ ஒருவரின் கையைப் பிடித்தபடி போய்க்கொண்டிருப்பாள். கை மட்டும்தான் தெரியும், கைக்குச் சொந்தக்காரர் தாளுக்கு வெளியே போய்விட்டார்.

நான்கு மடிப்புக் கோட்டிலும் துணி ஓர் இழை விலகவில்லை. விலகியிருந்தால் கிழிந்த துணி மாதிரி இருந்திருக்கும். மடித்தவனின் கை அப்படி. கண்டக்டர் மூக்கு தாளில் படாத குறையாகக் குனிந்து பார்த்தார்.

பிறகு பையிலிருந்து இரண்டு டேபிள் ஃபேன் புரோஷரை எடுத்து வைத்தார். இரண்டும் ஃபேன்காரரிடம் இல்லாதவை. ஒன்றுக்கு இரண்டு என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? ஃபேன்காரர் எழுந்துகூட விட்டார், உள்ளே போய் ஒரு நல்ல உறையாக எடுத்து வரலாம் என்று. அப்போது கண்டக்டர் வேடிக்கையாக ஒரு வார்த்தை விட்டார்.

"இது மட்டும் கெடைச்சுட்டா போதும் சார். அப்புறம் இந்த மூணு மாடியை ஏற வேண்டிய தலையெழுத்து எனக்கு இல்ல."

ஃபேன்காரர் பாதி வழியில் நின்றார். மணி அடித்து ஒரு மனிதர் உள்ளே வந்து உட்கார்ந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று அவர் மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அடுத்த தடவை பார்க்கலாம் சார்" என்றார். "வெளியில ஈரக்காத்து. தாளு நமுத்துடும்."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கண்டக்டர் ஜன்னலைப் பார்த்தார், ஃபேன்காரரைப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். அதற்கடுத்ததும் வந்தார். அதன்பிறகு ஞாயிறு என்றால் கண்டக்டர் என்றே ஆகிவிட்டது. ஃபேன்காரரும் சளைக்காமல் சாக்குச் சொன்னார். சரியான சைஸில் உறை கிடைக்கவில்லை. டிராக்டர் முதலில் கேட்டிருக்கிறார், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி. பீரோ சாவி அக்கா வீட்டில் இருக்கிறது. கடைசிச் சாக்கைச் சொல்லும்போது பீரோ திறந்தே கிடந்தது. கண்டக்டர் எதையும் நோண்டவில்லை. புரோஷரை ஒருமுறை பிரித்துக் காட்டச் சொல்வார், பார்ப்பார். அதன்பிறகு சாயங்காலம் வரைக்கும் பேச்சு. எந்த ரூட்டில் எந்தப் பயணி சில்லறை இல்லாமல் ஏறுவான், எந்த டிரைவர் கோபம் வந்தால் ஹாரனில் காட்டுவான் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கிளம்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு படி இறங்கிய பிறகுதான் திரும்பிக் கேட்பார்.

"இன்னைக்கும் குடுக்க மாட்டீங்க, இல்ல?"

பதிலுக்கு நிற்காமல் இறங்கிவிடுவார்.

ஃபேன்காரருக்கு நெஞ்சு அறுத்தது. இது திருட்டுத்தனம் என்று அவருக்கே தெரியும். தனக்கு வேண்டாத ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, எழுபது வயது மனிதரை மூன்று மாடி ஏற வைக்கிறார். கொடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும், கொடுக்காவிட்டால் ராத்திரி தூக்கம் போய்விடும். ஒருநாள் அடக்கமாட்டாமல் அக்காவிடம் சொல்லிவிட்டார்.

"உனக்கு எதுக்குடா தையல் மெஷின் காகிதம்?" என்றாள் அக்கா. "பெரிய மனுஷன், மூச்சு வாங்க ஏறி வர்றார்ங்கற. கொடுத்துத் தொலையேன். என்ன ஜென்மமோ நீ."

"கொடுத்துடறேன்க்கா" என்றார். கொடுக்கவில்லை. இப்படியே நான்கு வருஷம் ஓடியது.

ஒரு ஞாயிறு மணி அடிக்கவில்லை. ஃபேன்காரர் சாயங்காலம் வரைக்கும் டீத்தூளைப் பாத்திரத்தில் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார். அடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை. கோபித்துக்கொண்டுவிட்டார் என்றுதான் நினைத்தார், கோபிக்க வேண்டியதுதானே. திங்கட்கிழமை தயங்கித் தயங்கிப் போன் போட்டார். கண்டக்டரின் மருமகள் எடுத்தாள்.

"மாமா விழுந்துட்டார் சார். இடுப்பு எலும்பு. பிளேட் வெச்சிருக்காங்க. நேத்துதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம்."

"எந்தப் படியிலம்மா?" என்று கேட்டார் ஃபேன்காரர். அவர் வாயில் முதலில் வந்தது அதுதான்.

"படியில்ல சார், பாத்ரூம்ல. ஆனா இனிமே படி ஏறவே கூடாதுன்னு டாக்டர் கறாரா சொல்லிட்டார்."

போனை வைத்துவிட்டு எழுந்துபோய் அந்தப் புரோஷரை எடுத்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, துணிப்பையில் போட்டுக்கொண்டார். இனி அவர் வரப்போவதில்லை, வைத்திருந்து என்ன செய்வது? இதைப் பெருந்தன்மை என்று யாரும் பாராட்ட வேண்டாம். மீன் போன பிறகு தூண்டிலைத் தானம் செய்கிற கதைதான், அது அவருக்கும் தெரிந்திருந்தது. கொடுத்துவிட்டு, ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிட வேண்டும். அதோடு அந்தக் கதை முடிந்துவிடும்.

நான்கு வருஷத்தில் அந்த வீட்டுக்கு அவர் போவது இதுதான் முதல் தடவை. தரைத்தளம். கூடத்திலேயே கட்டில் போட்டிருந்தார்கள், பக்கத்தில் பிடித்து நடக்கிற இரும்பு ஸ்டாண்ட். கண்டக்டர் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மருமகள் கைப்பையை வைத்துவிட்டு நாற்காலி போட்டாள்.

"வீட்டுக்காரர் வேற ஊர்ல வேலை, பையன் ஸ்கூல்ல. பகல் முழுக்க மாமா தனியாத்தான் சார்" என்றாள். "முழிச்சா நீல ஃபைலைக் கேட்பார். அங்க நாலு நீலம் இருக்கு, எனக்கு ஒரு எழவும் புரியல. நீங்க இதுல கெட்டிக்காரர், கொஞ்சம் பார்த்து எடுத்து வையுங்களேன். டீ போடறேன்."

ஃபேன்காரர் அலமாரியிலிருந்து முதல் ஃபைலை எடுத்தார். உள்ளே முதல் உறையில், வட்டத் துளை போட்ட அட்டை இருந்தது. துளைக்குள் ஊசி.

அவசரத்தில் தன்னுடையதைத்தான் எங்கோ வைத்துவிட்டோமோ என்று பையைத் தடவிப் பார்த்தார். அது பையில் பத்திரமாக இருந்தது. இதை உருவித் திருப்பினார். இவர் பிரதியின் பின்பக்கத்தில் கடைக்காரன் குத்திய ஊதா ஸ்டாம்ப் உண்டு. இதில் இல்லை. இவருடையதைவிட இது உசத்தி. ஒரு குறைதான். கீழ் வலது மூலை மட்டும் கறுத்து, துணிபோல நைந்து போயிருந்தது. எச்சில் விரல் வருஷக்கணக்காகத் தொட்டுத் தொட்டுப் பிரித்த மூலை.

டீயோடு வந்த மருமகள் எட்டிப் பார்த்தாள். "அதுவா? நான் கல்யாணமாகி வந்த புதுசுல, பெட்டியைக்கூட பிரிக்கல, அதுக்குள்ள மாமா என்னைக் கூப்ட்டு ஒக்கார வெச்சுக் காட்டினது இதைத்தான். மடிப்புல துணி அறுந்திருக்கா பாரும்மா, பாரும்மான்னு. எனக்குப் பல்லைக் கடிச்சுட்டு ஒக்காந்திருக்கறதா சிரிக்கறதான்னு தெரியல. அப்புறம் நாங்களும் யாரும் பார்க்கல, அவரும் காட்டறதை விட்டுட்டார்."

அவள் மகன் இப்போது ஆறாம் வகுப்பு. கண்டக்டர் முதன்முதலாக மூன்று மாடி ஏறியது நான்கு வருஷத்துக்கு முன்னால்.

ஃபேன்காரருக்குச் சுள்ளென்று கோபம்தான் வந்தது. நான்கு வருஷம் இந்த மனிதரை ஏமாற்றுகிறோம் என்று ராத்திரி ராத்திரியாகப் புரண்டாரே, அவர் என்னவென்றால் இதைவிட நல்ல பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு, இல்லாதவர் மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயிலில் ஈரக்காற்று என்றபோது அதுவும் சரிதான் என்றாரே. திறந்திருக்கிற பீரோவுக்குச் சாவி இல்லை என்றபோது தலையை ஆட்டினாரே. செருப்பு போட்ட பிறகுதான் கேட்டார், பதில் வருவதற்குள் இறங்கினார். நிஜமாக வேண்டுமென்கிறவன் அப்படியா கேட்பான்? எங்கே கொடுத்துத் தொலைத்துவிடுவானோ என்று பயந்தவன்தான் அப்படி ஓடுவான்.

கோபம் எப்போது போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. உறையை இருந்த மாதிரியே செருகி, ஃபைலை மூடி, இருந்த இடத்தில் வைத்தார்.

"நான் இதைப் பார்த்தேன்னு மாமாகிட்ட சொல்ல வேண்டாம்மா."

அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, சரி என்று தலையாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

கதவு சாத்தின சத்தத்தில் கண்டக்டர் விழித்தார். ஃபேன்காரரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி கண் துணிப்பைக்குப் போயிற்று. அட்டை வைத்துக் கட்டிய சதுரம் பைக்குள் துருத்திக்கொண்டு தெரிந்தது. மலர்ந்த முகம் அப்படியே சுருங்கிவிட்டது.

"கொண்டாந்துட்டீங்களா?" என்றார்.

"கொண்டாந்திருக்கேன்."

"அது வீட்டை விட்டு வெளிய வராதும்பீங்களே."

"இப்ப வந்திருக்கு."

கண்டக்டர் போர்வையின் ஓரத்தை இழுத்து இழுத்து விட்டார். "ஆள் இப்படி ஆயிட்டான்னு இரக்கப்பட்டுக் கொடுக்க வந்தீங்களாக்கும்" என்றார். "அதான் டாக்டர் படி ஏறக் கூடாதுன்னுட்டானே. இனிமே எனக்கெதுக்கு."

"கொடுக்கவா?" என்றார் ஃபேன்காரர். "யார் சார் உங்ககிட்ட கொடுக்கறேன்னு சொன்னா? பிரிச்சுக் காட்டுவேன், பார்த்துக்குங்க. அப்புறம் மடிச்சு எடுத்துட்டுப் போயிடுவேன். மறுபடி பார்க்கணும்னா அடுத்த ஞாயிறு நான்தான் கொண்டாரணும்."

கண்டக்டர் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கண்ணோரம் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. பிறகு, சிறு பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார்.

"அடுத்த ஞாயிறும் கொடுத்துட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

கண்டக்டர் பல்லைக் கடித்து வலியைப் பொறுத்துக்கொண்டு, கட்டிலில் ஒரு சாண் நகர்ந்து, அவர் உட்கார இடம் விட்டார்.